சபாநாயகம் அங்கிள் சுவரைத் துடைத்த நாள்

விளக்கை அணைத்திருந்தோம். அருங்காட்சியகத்தின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கூடம். வெள்ளைச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். கரியால் வரைந்த ஆறு இரும்புக் கட்டில்கள் சுவரில் வரிசையாக நின்றன. படம் அதோடு முடிந்துவிட்டது. கடைசிக் காட்சி மட்டும் அப்படியே சுவரில் நின்றது.

முன்வரிசையில் இருந்த சபாநாயகம் அங்கிள் எழுந்தார். ஸ்ட்ரோக் வந்து வலது கையும் பேச்சும் போய், வலது கால் பாதி போனவர். தடியை ஊன்றிக் காலை இழுத்து இழுத்துச் சுவர் வரைக்கும் போனார். தடியைக் கீழே போட்டார். வலது தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கரி துடைக்கும் துணியை இடது கையால் உருவினார்.

கட்டில்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

வெளிச்சத்தைத் துடைத்தால் எங்கே போகும்? கட்டில் துணி மேல் விழுந்தது, அவர் கை மேல் விழுந்தது. அவர் விடவில்லை. "ஆறு மணி! ஆறு மணி!" என்று கத்திக்கொண்டே தேய்த்தார்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவர் கைத்தொலைபேசியில் அதைப் படம்கூடப் பிடித்தார். எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டியவள் நான்.

ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு வாசகி சென்ற வாரம் எழுதியிருந்தார். "உங்கள் தொடரைப் படித்தால் ஞாயிற்றுக்கிழமையே கெட்டுப் போகிறது, கொஞ்சம் சிரிக்கிற மாதிரி எழுதக் கூடாதா அக்கா?" என்று. எழுதலாம் தாயே. அந்தக் கைத்தட்டலை எங்கேயாவது இறக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன். இந்த வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாலாட்டுகிற வேலை

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கார்ட்டூன் படம் வரைந்து பிழைத்தவள். பெரிய ஓவியர் என்று நினைத்துவிட வேண்டாம். நடுப்படம் போடுகிறவள். மேலே இருக்கிறவர் ஒரு நாய் உட்கார்ந்திருப்பதை வரைவார், அது எழுந்து நிற்பதையும் வரைவார். இரண்டுக்கும் நடுவே அந்த நாய் எழுந்திருக்கிற பத்துப் பன்னிரண்டு படங்களை நான் வரைய வேண்டும். ஏதோ ஒரு நாட்டுப் பிள்ளைகள் பார்க்கிற தொடருக்காக, ஒரு நாய் வாலை ஆட்டியதை நான் மூன்று வாரம் வரைந்திருக்கிறேன். எந்த நாடு என்றுகூட எனக்குத் தெரியாது.

கிள்ளானில் விடியற்காலை கொமுட்டர் ரயில் ஏறினால் பசியாறாமலே வேலையில் உட்காருவேன். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு சீனர். தாளை எடுத்ததும் வலது பக்கக் கீழ் மூலையில் எண் போட வேண்டும். மறந்தோமோ, தொலைந்தோம். "நொம்போர் டூலு! லுக்கிஸ் கெமுடியான்!" என்று கத்துவார். முதலில் எண்ணைப் போடு, அப்புறம் வரை என்று அர்த்தம். படம் நன்றாக இல்லை என்றால் திருத்திக்கொள்ளலாம், வரிசை மாறினால் கதையே மாறிவிடும் என்பது அவர் கட்சி. கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

பிறகு எல்லாம் கணினிக்குப் போயிற்று. என்னைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அழுது முடித்த பிறகு, தெரிந்த ஒருவர் மூலமாக அருங்காட்சியகத்தில் சனிக்கிழமைப் பட்டறை கிடைத்தது. பெயர் வேண்டாம். நடந்த பிழை என்னுடையது, அவர்களை இழுப்பானேன்.

காலையில் பிள்ளைகளுக்கு, மதியம் பெரியவர்களுக்கு. பிள்ளைகள் வகுப்பில் பிள்ளைகளால் தொல்லையே இல்லை, அம்மாக்களால்தான். "இப்படியா வரைவாங்க, குடு இங்க" என்று பென்சிலைப் பிடுங்கித் தாங்களே வரைந்துவிடுவார்கள். ஒரு தடவை பொறுக்க முடியாமல், "அக்கா, உங்களுக்கு மதியம் வகுப்பு இருக்கு, அதுக்குப் பணம் கட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். புகார் போயிற்று. அங்கே பட்டறைகளைக் கவனிக்கும் அஸ்லினா என்ற பெண், "காக் செல்வி, மூலுட் சிக்கிட்" என்று வாயைக் காட்டிச் சிரித்தாள். வாயைக் கொஞ்சம் அடக்குங்கள் அக்கா என்கிறாள். சரியாகத்தான் சொன்னாள். என் வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

ஆறு மணி

அவர்கள் இருவரும் மதிய வகுப்புக்கு வந்தார்கள். பரமேஸ்வரி ஆன்டி, அவர் கணவர் சபாநாயகம் அங்கிள். பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய ஃபிளாட் ஒன்றில் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. சனிக்கிழமைகளில் மகள் வந்துதான் அவரைப் படிபடியாக இறக்கிக் கொண்டுவந்து விடுவாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அங்கிள் ரயில்வேயில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் வலது கையால் நேர்க்கோடு போட்ட மனிதர், இப்போது இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ரோக் அவருக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டு வைத்திருந்தது. "ஆறு மணி." பசித்தாலும் ஆறு மணி, கோபம் வந்தாலும் ஆறு மணி. தேநீர் கொடுத்தால் நன்றியோடு "ஆறு மணி" என்பார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். எழுதவும் வராது. எழுத்தெல்லாம் கலங்கிப் போயிருந்தது. தலையை மட்டும் ஆட்டுவார், எதைக் கேட்டாலும் ஆட்டுவார்.

இடைவேளையில் ஆன்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உம்மட்டை ஒண்டு கேக்கோணும். மகள் செராஸில வயசு போன ஆக்களுக்கெண்டு ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கிறா. என்ர முதுகு ஏலாது, நான் தனிய இவரைத் தூக்கேலாது, படியால இறக்கேலாது. மகள் சொல்லுறதும் நியாயம்தான். ஒருக்கா இவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாங்கள். வந்து ரெண்டு நாள் சாப்பிடேல்லை. அது விருப்பமில்லாமலோ, வயிறு சரியில்லாமலோ, எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டுப் பாத்தீங்களா ஆன்டி?"

"கேக்காமலோ? அங்க போக விருப்பமோ எண்டா தலையை ஆட்டுறார். வீட்டில இருக்கப் போறீங்களோ எண்டாலும் ஆட்டுறார். அவர் வாயால சொல்லாமல், கையால எண்டாலும் காட்டாமல், நான் அவரை எங்கையும் அனுப்பமாட்டன். அதுக்குத்தான் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனான். வரைஞ்சாவது காட்டுவாரோ?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன சொல்லியிருப்பாள்? "முயற்சி செய்வோம்" என்றிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவலைய விடுங்க ஆன்டி. வாயால வராதத கையால வர வச்சிடலாம். என்கிட்ட விட்டுடுங்க லா" என்றேன். மார்தட்டிக்கொண்டு சொன்னேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குப் பிறவிக் குணம்.

ஒரே தாள்

வகுப்பில் மொத்தம் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் தனித்தனித் தாளில் வரைந்தார்கள். மூலையில் எண் போடச் சொன்னேன், போட்டார்கள். அங்கிளால் ஒரு கையை வைத்துக்கொண்டு தாளை மாற்ற முடியவில்லை. அதனால் அவருக்கு மட்டும் வேறு வழி.

பெரிய தாள் ஒன்றைப் பலகையில் ஒட்டிவிட்டேன். கையில் ஒரு கரித்துண்டு, ஒரு துணி. எதிரே ஸ்டாண்டில் கைத்தொலைபேசி. கொஞ்சம் வரைய வேண்டும், பொத்தானை அழுத்திப் படம் எடுக்க வேண்டும். பிறகு கொஞ்சம் துடைத்துவிட்டு, அதே தாளில் சற்று மாற்றி வரைய வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். முன்பு வரைந்தது போய்விடும், அதன் படம் மட்டும்தான் தொலைபேசியில் மிஞ்சும். கடைசியில் படங்களை வரிசையாக ஓட்டினால் ஒன்று மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறும்.

துடைத்தாலும் கரி முழுசாகப் போகாது. போன கோட்டின் மங்கல் தாளில் நிற்கும். நேரம் ஆக ஆகத் தாள் அழுக்காகிக்கொண்டே வரும். ஒவ்வொரு வகுப்பிலும் நான் சொல்லுகிற விஷயம் இது. "அழுக்கைப் பார்த்து வெட்கப்படாதீங்க, எங்க ஆரம்பிச்சோம்னு அதுதான் சொல்லும்" என்று அங்கிளிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

ஆறு சனிக்கிழமை வரைந்தார். நெற்றி வேர்க்க, உதட்டைக் கடித்துக்கொண்டு வரைவார். யாராவது கிட்டப் போனால் தோளால் பலகையை மறைப்பார். ஆன்டியையே உள்ளே விடவில்லை. ஆன்டி வெளியே கேன்டீனில் மைலோவை வைத்துக்கொண்டு அது ஆறிப் போகும்வரை உட்கார்ந்திருப்பார். "அவர் பேசிக்கிட்டு இருக்கார், முடிக்கட்டும், அப்புறம் கேட்போம்" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

முதல் வாரம் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். கம்பி கம்பியாக ஏதோ கோடுகள். ரயில்வேக்காரர், தண்டவாளம் வரைகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தக் கம்பிகளைப் பார்த்தது முதல் வாரம். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

என் அவசரம்

ஏழாவது சனிக்கிழமை, குடும்பத்தார் வந்து பார்க்கிற கடைசி நாள். காலையில் பிள்ளைகள் வகுப்பு இழுத்துவிட்டது. மதியச் சாப்பாட்டைத் தப்பாவ் என்று பொட்டலமாக வாங்கி வைத்ததோடு சரி, அதைப் பிரிக்கவில்லை. எட்டுப் படத்தையும் ஒன்றரை மணி நேரத்தில் தொகுக்க வேண்டும்.

ஏழு பேருடைய தாள்களில் எண் இருந்தது, அதைப் பார்த்து அடுக்கினேன். அங்கிள் வரைந்தது ஒரே தாள். அதன் மூலையில் எண் போட வழியில்லை. தொலைபேசியில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் படங்களை, திரையில் தெரிந்தபடியே மேலிருந்து கீழாகத் தேர்ந்து அப்படியே கணினியில் கொட்டினேன். தொலைபேசியில் கடைசியாக எடுத்த படம்தான் மேலே இருக்கும். பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அன்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஆள் நடக்கிற படமாக இருந்திருந்தால் பின்பக்கமாக நடப்பான், உடனே கண்டுபிடித்திருப்பேன். அங்கிள் படத்தில் யாரும் நடக்கவில்லை. ஒன்று கரைந்து இன்னொன்றானது. அதை எந்தப் பக்கமிருந்து ஓட்டினாலும் ஒரு கதையாகத்தான் தெரியும்.

விளக்கை அணைத்தோம். அங்கிள் படத்தைக் கடைசியில் வைத்திருந்தேன்.

சுவரில் ஒரு வீடு வந்தது. ஜன்னல், ஜன்னலில் திரை. சாய்வு நாற்காலியில் ஒரு மனிதர். பக்கத்தில் கோப்பையோடு ஒரு பெண், ஆன்டிதான், கொண்டையைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு அந்தப் பெண் மெல்லக் கரைந்து போனாள். திரை போயிற்று, ஜன்னல் போயிற்று. நாற்காலி நீண்டு கட்டிலானது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில், இன்னொன்று, ஆறு கட்டில்கள். ஒன்றில் அந்த மனிதர் படுத்திருந்தார். முடிந்தது.

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? எழுந்து நின்று பிரசங்கம் செய்தேன். "பாருங்க, தொடக்கத்துல தாள் எவ்ளோ கலங்கலா இருந்துச்சு, கடைசியில எவ்ளோ சுத்தமாயிடுச்சு! மனசு தெளிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றேன். அடியே மூதேவி, தாள் சுத்தமாகிக்கொண்டே போகுமாடி? இருபது வருஷம் என்ன வேலை பார்த்தாய்?

அங்கிளின் மகள் சுமதி ஓவென்று அழுதாள். வங்கியில் பெரிய பொறுப்பில் இருப்பவள், மிடுக்கானவள். "அப்பா, தேங்க் யூ அப்பா. ஐ வாஸ் சோ ஸ்கேர்ட். நீங்களே ஓகே சொல்லிட்டீங்க" என்று அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளை விலக்கிவிட்டு எழுந்தார். எழுந்து போய்ச் சுவரைத் துடைத்தார். உணர்ச்சிவசப்பட்டுத் தன் படத்தைத் தடவுகிறார் என்று நினைத்து நாங்கள் கை தட்டினோம்.

ஆன்டியும் தட்டினார். மடியில் கையை வைத்தபடியே, சத்தம் வராமல் தட்டினார். துக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிள் என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்தார். சுவரைக் காட்டி, துணியைக் காட்டி, "ஆறு மணி, ஆறு மணி" என்றார். கண்ணில் தண்ணீர். "தெரியும் அங்கிள், எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு" என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

பத்து நாளில் அவரைச் செராஸுக்குக் கொண்டு போனார்கள். மூன்று மாடியும் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். பயம், பாவம் என்று சொல்லிக்கொண்டார்களாம்.

அழுக்கு இருந்த பக்கம்

நாலைந்து மாதம் போயிருக்கும். நுழைவாயிலில் வைக்கப் பட்டறைப் படம் ஒன்று வேண்டும் என்றாள் அஸ்லினா. "அந்த அங்கிள் படம் காக், எல்லாரையும் அழ வச்சதே, அது."

வீட்டில் உட்கார்ந்து படங்களைத் திறந்தேன். கிள்ளானில் அன்று நல்ல மழை, துணியெல்லாம் ஈரமாகக் கிடந்தது. நாற்காலிப் படத்தைப் பெரிதாக்கினேன். நாற்காலிக்குப் பின்னால், ஜன்னலுக்குப் பின்னால், தாளெங்கும் மங்கலாகக் கம்பிகள். துடைத்துப் போன கட்டில்கள்.

முதலில் வரைந்ததன் மங்கல்தானே பின்னால் நிற்கும்? கட்டில் படத்தைத் திறந்தேன். பால் போல வெள்ளைத் தாள். அதில் நாற்காலியின் சுவடு ஒரு பொட்டுகூட இல்லை.

படம் எடுத்த தேதியைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் பார்த்தேன். கட்டில் முதல் சனிக்கிழமை. நாற்காலி ஆறாவது சனிக்கிழமை.

மனிதர் கட்டிலில் ஆரம்பித்திருக்கிறார். அந்த ஹோமில் பார்த்த ஆறு கட்டில்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்து எறிந்திருக்கிறார். தான் கிடந்த கட்டிலை நாற்காலியாக்கி, ஜன்னல் வைத்து, திரை போட்டு, கடைசியாக மனைவியை வரைந்திருக்கிறார். என்னை அங்கே விடாதே, வீட்டிலேயே வைத்துக்கொள். ஆறு வாரம் வேர்வை சொட்டச் சொட்ட இதைச் சொல்லியிருக்கிறார். நான் அதைத் தலைகீழாகப் போட்டு, விளக்கமும் சொல்லி, கைத்தட்டலும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அன்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று வந்து பார்த்தார்கள்.

ஆன்டி சொன்னது

மறுநாளே பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். மூன்று மாடி ஏறுவதற்குள் சொல்ல வேண்டியதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அங்கிள் உயிரோடு இருக்கிறார், இன்னும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை, உண்மையைச் சொன்னால் இந்த வாரமே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஏறினேன்.

ஆன்டி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். படம் மாறிப் போச்சு ஆன்டி, நான் மாத்திப் போட்டுட்டேன், அங்கிள் போக மாட்டேன்னுதான் சொல்லியிருக்கார்.

ஆன்டி கீரையை விடவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை" என்றார்.

"என்ன ஆன்டி தெரியும்?"

"நீர் மாறிப் போட்டிட்டீர் எண்டு. கடைசியாக் கீறின சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவர் கை கழுவ விடேல்லை. நேர போய்க் கதிரையில இருந்தார். கரி விரலால கதிரையைத் தட்டித் தட்டிக் காட்டினவர். பிறகு என்னையும் தொட்டுக் காட்டினவர். அண்டைக்கு அவர் கீறினது கதிரையும் நானும் எண்டு எனக்கு விளங்கினது. நீர் போட்ட படத்தில நான் முதல்ல வந்து பிறகு இல்லாமல் போயிட்டன்."

"அப்ப ஏன் ஆன்டி சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே மாத்திப் போட்டிருப்பேனே!" கத்திவிட்டேன். வயதில் பெரியவரிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

ஆன்டி கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீர் படம் போட்டதுக்கு முதல் கிழமை குளியலறையில சறுக்கி விழுந்தார். தூக்கப் போய் நானும் விழுந்தன். காலமை விழுந்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பெட்டை வேலையால வந்து சத்தம் கேட்டுக் கதவைத் திறக்கேக்க மத்தியானம் தாண்டிட்டுது. அது வரைக்கும் ரெண்டு பேரும் ஈரத்தில கிடந்தம். மகளுக்குச் சொல்லேல்லை. சொன்னா அண்டைக்கே கொண்டு போயிருப்பா."

ஆய்ந்த கீரையை ஆன்டி சட்டியில் அள்ளிப் போட்டார்.

"அவர் காட்டாமல் அனுப்பமாட்டன் எண்டு உம்மட்டைச் சொன்னன். அது என்ர வாய். என்ர உடம்பு வேற மாதிரிச் சொல்லிச்சுது பிள்ளை. நாற்பத்து மூண்டு வருசம். அவரைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது. வச்சிருக்கவும் ஏலாது. நீர் படத்தைப் போட்டீர். எல்லாரும் கை தட்டினவை. நானும் தட்டினன்."

"இப்ப சுமதிகிட்டச் சொல்லிடலாம் ஆன்டி. சரியா போட்டுக் காட்டுறேன். அவங்க வேற ஏற்பாடு..."

ஆன்டி முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. ரொம்பக் களைத்த முகம்.

"காட்டினா அவ தகப்பனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்து விடுவா. விட்டுட்டு வேலைக்குப் போவா. இஞ்ச ஆர் தூக்கிறது? நீரோ?"

படங்கள் இருந்த தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அழிச்சுப் போடும்" என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். முந்நூற்றுச் சொச்சம் படங்கள், ஒரு பொத்தான். பிறகு ஆன்டி எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன். கணினியில் இருந்ததையும் அழித்துவிட்டு, அஸ்லினாவிடம் படம் தொலைந்துவிட்டது என்றேன்.

இதை எப்படி எழுதத் துணிந்தாய் என்று கேட்பீர்கள். அங்கிளும் போய்விட்டார், ஆன்டியும் போய்விட்டார். சுமதிக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியம்தான். நான் அப்படியொன்றும் பெரிய யோக்கியவதி இல்லை.

மூன்றாவது கட்டில்

படத்தை அழித்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆன்டியோடு நானும் செராஸுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டால் தூக்கம் வரும் என்ற சுயநலம். சுமதி காடியில் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனாள்.

வசதியான இடம்தான், குறை சொல்ல முடியாது. தரை பளிச்சென்று இருந்தது. டெட்டால் வாசனை. எங்கேயோ தொலைக்காட்சியில் சீன நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் ஆறு கட்டில்கள். கம்பிகூட அவர் வரைந்த அதே கம்பிதான். மூன்றாவது கட்டிலில் சபாநாயகம் அங்கிள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"நான் வந்தா திரும்பிப் பாக்கமாட்டார்" என்றார் ஆன்டி. "ஒவ்வொரு கிழமையும் இப்பிடித்தான்." கொண்டு வந்த புட்டை மேசையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

நான் கட்டிலைச் சுற்றிச் சுவர்ப் பக்கம் போனேன். மன்னிப்பு என்று வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

முகம் அப்படி மலர்ந்தது. இடது முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. கையை மட்டும் என்னிடம் நீட்டினார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் சேர்த்துக் குவித்து, காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

கரி கேட்கிறார். டீச்சர் வந்துவிட்டாள், இன்னொரு தடவை வரையலாம், இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறார். என் மேல் அவருக்கு ஒரு துளிக் கோபம் இல்லை.

ஆன்டி முக்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வராண்டாவில் சுமதியின் செருப்புச் சத்தம் கேட்டது.

முந்தின நாள் வகுப்புக்காக வாங்கிய கரிப் பெட்டி ஒன்று பிரிக்காமல் என் தோள்பையில் இருந்தது.

"கொண்டு வரலை அங்கிள்" என்றேன். "அடுத்த வாரம் கொண்டு வரேன்."

அவர் கையை மடக்கவில்லை, நீட்டியபடியே இருந்தார். சுமதி உள்ளே வந்தாள். அவர் விடைகொடுக்கத்தான் கை நீட்டுகிறார் என்பது போல, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நான் வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் நான் போகவில்லை.